புதுப் பைக்குப் பழைய தேதி

இல்லக்கா, ஊசி போட வரல, பயப்படாதீங்க. நான் நர்ஸ் இல்ல, கீழ ரத்த வங்கில வேலை பாக்குறேன். எந்திரிக்காதீங்க, ஆபரேஷன் பண்ணின வயிறு. சும்மா ஒரு எட்டு பாத்துட்டுப் போலாம்னுதான். நேத்து ரத்தம் ஏத்தினதுக்கு அப்புறம் குளிருச்சா? முதுகுல, இடுப்புல வலி ஏதாச்சும்?

அட, சும்மாதான் கேக்குறேன். எனக்கா மூச்சு வாங்குது? நாலு மாடி ஓடி வந்தேன்ல, லிஃப்டுக்கு நிக்கப் பொறுமையில்ல. பயம் வந்தா உனக்கு வாய் நிக்காதுடின்னு எங்க வீட்டுக்காரர் கிண்டல் பண்ணுவாரு.

என்ன பயம்னா... ரத்தம் வைக்கிற பிளாஸ்டிக் பை பாத்தீங்கல்ல? பழைய பைல, பிளாஸ்டிக் மெத்துனு இருக்கணும்னு ஒரு சரக்கு கலந்திருப்பாங்க. அது கொஞ்சம் கொஞ்சமா ரத்தத்துல கசியும். உடம்புக்கு ஆகாதுன்னு எல்லாரும் அதைத் திட்டுறாங்க. கூத்து என்னன்னா, அந்த ஆகாததுதான் சிவப்பணுவோட தோல்ல போய் ஒட்டிக்கிட்டு, உடையாம காப்பாத்துது. ரெண்டு மாசம் முன்னாடி அது கலக்காத பை வந்துச்சு. நல்ல பைதான், நான் குறை சொல்லல. ஆனா அதுல அணு சீக்கிரம் உடையுது. அதனால பழைய பைக்கு முப்பத்தஞ்சு நாள், புதுசுக்கு இருபத்தோரு நாள், அதுக்கு மேல ஒரு நாள்கூட வைக்காதீங்கன்னு எங்க பெரிய டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டாரு.

ரத்ததான முகாம்னா கூட்டம் அள்ளும்க்கா. அதனால முந்தின நாளே காலிப் பைல தேதி ஸ்டிக்கர் ஒட்டி அடுக்கி வச்சிடுவோம். கை பாட்டுக்கு ஒட்டும், வாய் பாட்டுக்குக் கதை பேசும். அப்படிப் பன்னெண்டு புதுப் பைல முப்பத்தஞ்சு நாள் ஸ்டிக்கர் விழுந்துடுச்சு. யாரும் கவனிக்கல.

இன்னிக்குக் காலைல ஃபிரிட்ஜைத் திறந்தா, அந்தப் பன்னெண்டுல ஒரு பை கண்ணுல பட்டுச்சு. அணு எல்லாம் அடில தங்கி, மேல தண்ணி இளமஞ்சளா நிக்கணும். இதுல மேலயும் சிவப்பு. அணு உடைஞ்சு கரைஞ்சிருக்குன்னு அர்த்தம். அது உடம்புக்குள்ள போனா கிட்னிக்கு ஆபத்து. ஸ்டிக்கரைப் பாத்தா, புதுப் பைல முப்பத்தஞ்சு நாள் தேதி. பதறிப்போய்த் தேடித் தேடிப் பதினோரு பையை எடுத்து வச்சுட்டேன்.

யாரு ஒட்டினாங்கன்னு கேக்குறீங்களா? இருங்க, இந்த மூத்திரப் பையை வெளிச்சத்துல கொஞ்சம் திருப்பிப் பாத்துக்கிறேன். நேத்து எப்படி இருந்துச்சு? வெளிர் மஞ்சளா? இப்ப பால் விடாத டீ மாதிரில்ல இருக்கு. தண்ணி கம்மியா குடிச்சாலும் இப்படி ஆகும்க்கா. ஆகும். உங்களுக்கு இல்ல, எனக்கு நானே சொல்லிக்கிறேன்.

நான்தான்க்கா ஒட்டினேன். நேத்து சாயங்காலம் அவசரம்னு கேட்டாங்க. ஸ்டிக்கர்ல தேதியைப் பாத்தேன், கெடு முடிய இன்னும் ரெண்டு நாள் இருந்துச்சு. அந்தப் பன்னெண்டாவது பையை எடுத்து உங்களுக்குன்னு குடுத்ததும் நான்தான். டாக்டருக்கு இன்னும் தெரியாது. நேரா அவர்கிட்ட போகாம இங்க வந்து நின்னு பேசிக்கிட்டு இருக்கேன், பாவி. தலைமாட்டுல மணி இருக்கு பாருங்க, அதை அழுத்துங்கக்கா. எனக்குக் கை எழ மாட்டேங்குது.