பாலம் தாண்டாத ரத்தம்

— ஆறு மணிக்கு எந்திரிப்பேன். அடுப்பு பத்த வைப்பேன். காஞ்ச மீனை வேகவச்சு எங்க நாய் நூரி முன்னாடி வைப்பேன். மோந்துகூடப் பாக்க மாட்டான். வேலைக்குக் கிளம்பிடுவேன். அவ்வளவுதான் சார்.

— ஆகா! உங்க சம்சாரம் தவறி ரெண்டு மாசம், இன்னும் உங்க கையால திங்கலையா! ஒரே எசமானி. அதுதான் ஹியோன்ஜே தம்பி, ஜிந்தோ ரத்தம்! முப்பது வருஷமா இந்த ஜிந்தோ தீவுல நாய்க்குத் தரம் பாக்கறேன், சும்மாவா?

— நான் போனதும் தின்னுடுவான். சாயங்காலம் தட்டு காலி.

— மானஸ்தன்!

— ஒரு காது மடங்கியிருக்கு பாருங்க.

— துக்கம் தம்பி.

— வாலும் சுருளல.

— அதுவும் துக்கம்தான். ஆமா, ஊர்ல அவனவன் நாய் தேறணும்னு எனக்குக் கோழிச்சாறு காய்ச்சி ஊத்தறான். நீங்க என்ன, ஃபெயில் போடச் சொல்றீங்க?

— சியோல்ல வேலை கிடைச்சிருக்கு. திங்கக்கிழமை போகணும். சுத்த ஜிந்தோன்னு தேறிட்டா, சட்டப்படி இவனைப் பாலம் தாண்டித் தீவை விட்டு வெளிய விடமாட்டீங்க.

— விடவே மாட்டேன். நல்ல ஆளாப் பாத்து இங்கயே குடுத்துட்டுப் போங்க.

— வேற ஆள்கிட்ட திங்க மாட்டான்.

— உங்ககிட்ட மட்டும் திங்கறானா?

— நான் இல்லாதப்பவாவது திங்கறான்ல.

— அட, போங்க தம்பி.

— இந்த ரத்தம் எங்கேருந்து வந்துச்சு சார்?

— மங்கோலியப் படை விட்டுட்டுப் போனதும்பான் ஒருத்தன். சீனக் கப்பல் உடைஞ்சு நீந்தி வந்ததும்பான் இன்னொருத்தன்.

— அப்ப எல்லாமே வெளியூர்.

— அது ஆச்சு எத்தனையோ நூறு வருஷம்! இப்ப உள்ளூர்தான்.

— இவனுக்குத் தாய் தகப்பன் காகிதம்கூட இல்ல.

— குணம்தான் தம்பி காகிதம்! கலப்பு நாய்க்கு இந்த விசுவாசம் வருமா? செத்தாலும் வராது. என் உத்தியோகத்தையே பந்தயம் கட்டறேன். எழுதியாச்சு, சுத்த ரத்தம். முத்திரை எங்க வச்சேன்...

— போடாதீங்க சார்.

— ஏன்?

— என் சம்சாரம் யூரிம்கிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன், சொல்ல மாட்டேன்னு. வேற வழியில்ல.

— என்ன சத்தியம்?

— ஆஸ்பத்திரியில அவ கடைசியாப் பேசினது இதுதான்: "நூரி ஜிந்தோ நாயே இல்ல. பாலத்துக்கு அந்தப் பக்கம், மோக்போ பஸ் ஸ்டாண்டுல அட்டைப்பெட்டியில கிடந்தான், தூக்கிட்டு வந்துட்டேன். யார்கிட்டயும் சொல்லிடாத. அவனுக்கும் தெரிய வேண்டாம்."