கண்ணாடி லோடும் கடிக்கிற கியரும்

— ...முதல்ல இதுக்குப் பதில் சொல்லு மாப்ளே, அப்புறம் சாவியை வாங்கிக்கறேன். நான் சொன்ன மாதிரி செஞ்சியா, இல்லையா?

— செய்ய வேண்டியதைச் செஞ்சிருக்கேன் மாமா.

— நீ பட்டறை வச்சதுக்குப் பதிலா துணிக்கடை வச்சிருக்கலாம். சாயம் போகுமான்னு கேட்டா, துவைக்கத் துவைக்கப் பளிச்சுனு வெளுக்கும்னு சொல்ற ஆளு நீ.

— நேத்து பூரா உங்க லாரிக்கு அடியில மல்லாந்து கெடந்திருக்கேன். காதுக்குள்ள இன்னும் கியர் எண்ணெய் வழியுது. வேற என்னதான் வேணும் உங்களுக்கு?

— கடிக்கணும். கியர் மாறும்போது முதுகுல ஒரு குத்து விழணும். ஆட்டோமேட்டிக்னு பேரு... எப்ப மாறுது, எங்க மாறுதுன்னே தெரியாம நழுவிக்கிட்டுப் போகுது.

— தெரியக்கூடாதுன்னுதான் மாமா வண்டிக் கம்பெனிக்காரன் அப்படிச் செஞ்சு அனுப்பறான். முதல் தடவை வந்தீங்க. ஏத்தத்துல வழுக்குது, சூடாகுதுன்னீங்க. நியாயம். கெட்டி ஸ்பிரிங் போட்டேன்.

— போட்ட. யாரு இல்லைன்னா?

— ரெண்டாவது தடவை வந்தீங்க. கியர்பாக்ஸ் தகட்டுல எண்ணெய் பாயற ஓட்டையைப் பெருசாக்கச் சொன்னீங்க. எண்ணெய் வேகமாப் பாஞ்சா கியர் சட்டுனு கடிக்கும்... சரின்னு அதையும் செஞ்சேன். இது மூணாவது தடவை. கத்திரிக்கா வாங்கிட்டுக் கொசுறுக்குக் கையை நீட்டற மாதிரி, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு...

— கொசுறு குடுக்காத கடையில கூட்டம் நிக்காது மாப்ளே.

— நிக்கவே வேண்டாம். பஞ்சு மூட்டை ஏத்தறவன் வண்டி குதிக்கணும்னு கேட்டாப் புரியும். கண்ணாடி லோடு ஏத்தறவர் கேட்டு இப்பதான் பாக்கறேன். போன வாரம் எத்தனை ஒடைஞ்சுது?

— நாலு.

— அக்கா ஆறுன்னுச்சு.

— ரெண்டு வெறும் கீறல். கீறல் எப்படி ஒடைஞ்சதுல சேரும்?

— இதை அந்தக் கண்ணாடிக் கம்பெனி மேனேஜர்கிட்ட சொல்லிப் பாருங்க. நாளைக்குக் காலையில அவரே உங்க பக்கத்துல ஏறி உக்காரப் போறாராமே? இன்னும் ஒரு கண்ணாடி விரிசல் விட்டாலும் லோடு மொத்தமும் வேற லாரிக்குப் போயிடுமாமே?

— அதையும் சொல்லிட்டாளா! உங்கக்கா வாய்க்கு ஒரு கெட்டி ஸ்பிரிங் போடேன்டா.

— நீங்க கல்யாணமான புதுசுலயே கொண்டு வந்திருக்கணும். இப்ப வாரண்டி முடிஞ்சு போச்சு. சரி, டீ சொல்லட்டா?

— சொல்லு. சர்க்கரை தூக்கலா.

— டாக்டர் சர்க்கரையைத் தொடவே கூடாதுன்னாராம்...

— டாக்டர் உங்கக்கா கட்சி. நீயாவது நடுவுல நில்லு.

— நடுவுல நிக்கறதுக்குத்தான் இங்க தெனம் அடி வாங்கறேன். ...மாமா, இன்னொரு செருப்பு எங்க?

— எந்தச் செருப்பு?

— வலது காலைப் பாருங்க.

— ...அட.

— அதோ வாசல்ல கெடக்கு. அங்கேர்ந்து இதுவரைக்கும் இந்த ஜல்லி மேல வெறுங்காலோடவா நடந்து வந்தீங்க?

— அவசரத்துல கவனிக்கல. டீயும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், நீ ஏறு. ஓட்டிப் பாத்தாத்தான் எனக்கு மனசு அடங்கும்.

— செருப்பு?

— எடுத்து உள்ள போடு. ஏறுடான்னா!

— ஏறிட்டேன், ஏறிட்டேன். கதவை மூடறதுக்குள்ள என்ன பறப்பு... வலது பக்கமாப் போங்க மாமா. இடது பக்கம் குழி தோண்டிப் போட்டிருக்கான்.

— வலது பக்கமா? அந்தப் பக்கம் கூட்டமா இருக்குமே...

— காலி லாரிதானே, உருட்டுங்க.

— ம்... ஒண்ணு.

— என்ன எண்ணறீங்க?

— சும்மா. வாய் சும்மா இருக்க மாட்டேங்குது. ...ரெண்டு எங்க?

— எந்த ரெண்டு?

— ரெண்டாவது கியர்டா.

— அது அப்பவே போயாச்சு. அந்தச் சைக்கிள் கடையைத் தாண்டறப்பவே. இப்ப மூணுல ஓடுது.

— குத்தவே இல்லையே!

— உங்க முதுகுக்குப் பழகிப் போயிருக்கும்.

— என் முதுகு பொய் சொல்லாது மாப்ளே. இந்த உடம்புல நான் இப்ப நம்பற ஒரே ஆளு அதுதான்.

— இதை அக்கா கேட்டா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா?

— ...எத்தனைல போறோம்?

— மீட்டர் உங்க முன்னாடி இருக்கு. வந்ததுலேர்ந்து ரோட்டைவிட அதைத்தான் அதிகம் பாக்கறீங்க, என்னைக் கேக்கறீங்க.

— அம்பதா? நான் முப்பதுன்னுல்ல நெனைச்சேன்...

— பாருங்க, அவ்வளவு வழுவழுப்பு. நாளைக்கு மேனேஜர் மடியில காப்பியை வச்சுக்கிட்டே வரலாம். ஒரு சொட்டு சிந்தாது.

— அவன் காப்பி சிந்தாம இருக்கறதா முக்கியம்? என்னோட...

— உங்களோட?

— ஒண்ணுமில்ல. திரும்பிடலாம். பட்டறைக்குப் போய் மறுபடி திற.

— இங்க எங்க திருப்புவீங்க? ரெண்டு பக்கமும் வண்டி நிக்குது. இறக்கம் முடியட்டும், சிக்னல்ல திருப்பிக்கலாம்.

— இறக்கம்! இறக்கத்துப் பக்கமா வர வச்சு மாட்டி விட்டுட்டியே என்னை...

— இருபது வருஷமா லாரி ஓட்டறவரு பேசற பேச்சா இது? இதெல்லாம் ஒரு இறக்கமா? குழந்தை சறுக்கி விளையாடும்.

— மாப்ளே... விளையாடாத. உள்ளதைச் சொல்லு. அந்த ஓட்டையை இன்னும் பெருசாக்கினியா, இல்லையா?

— கோச்சுக்கக் கூடாது.

— சொல்லு.

— முந்தாநாள் அக்கா பட்டறைக்கு வந்துச்சு மாமா. வாசல்லயே நின்னு அழுதுச்சு. இந்த லோடும் போச்சுன்னா உங்க மாமா அப்புறம் ஆளே இல்லடா, எப்படியாவது வண்டியைக் குலுங்காமப் பண்ணிக் குடுன்னுச்சு. நான் என்ன பண்ணட்டும்? கெட்டி ஸ்பிரிங், ஓட்டை பெருசாக்கின தகடு, ரெண்டையும் கழட்டிட்டேன். வண்டியோட வந்ததையே திருப்பி மாட்டிட்டேன். ஷோரூம்லேர்ந்து அன்னிக்கு இறங்கின மாதிரி இருக்கு இப்ப.

— என்கிட்ட ஒரு வார்த்தை...

— சொன்னா விட்டிருப்பீங்களா? லாரி இல்லாம வீட்டுல உக்காந்து வெங்காயம் உரிப்பீங்களா நீங்க? உரிச்சாலும் பாதியை அக்கா மறுபடி உரிக்கணும். உங்க நல்லதுக்குத்தான் மாமா செஞ்சேன்.

— நல்லது! குத்து விழுந்தாத்தான்டா எவ்வளவு மிதிச்சிருக்கேன்னு எனக்குத் தெரியும். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு முதுகுல எண்ணிக்கிட்டு ஓட்டறேன்...

— மிதிக்கறது காலு. அதுக்குத் தெரியாததா முதுகுக்குத் தெரியப் போகுது?

— பேசாம வா.

— சிக்னல் சிவப்பு.

— தெரியுது.

— முன்னாடி பஸ் நிக்குது. ஆளுங்க இறங்கிக்கிட்டிருக்காங்க.

— தெரியுதுங்கறேன்ல!

— தெரிஞ்சா பிரேக்கைப் போடுங்களேன்!

— போட்டுட்டேன்னுதான் நெனைக்கிறேன்...

— நெனைக்கறீங்களா? என்ன மாமா சொல்றீங்க!

— மூணு மாசமா அந்த வலது காலுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தையே இல்ல மாப்ளே... சீக்கிரம் குனிஞ்சு பாத்துச் சொல்லு, அது இப்ப எது மேல இருக்கு?