சிக்னல் பாறைக்கு ஒரு தேங்காய்

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலை போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் கைக்குழந்தையோடு ஒரு மலைக்காரப் பெண். அவள் பையில் தேங்காயும் மல்லிகைப்பூவும் இருந்தன. பக்கத்தில் இருந்த அம்மாள் பேச்சுக் கொடுத்தாள்.

"கோயிலுக்காம்மா தேங்கா?"

"இல்லக்கா, பாறைக்கி."

"சாமி பாறையா?"

"சிக்னல் பாறை. எங்க ஊர்ல அதுமேல ஏறுனாதான் போன் பேச முடியும்."

"அதுக்கா தேங்கா ஒடைக்கிற?"

"ஊரோட மேப்பு போட ஆபீசுக்காரங்க வந்தாங்கக்கா. தரையில கோலமாவுல ஓடை, கெணறு, வழி எல்லாத்தையும் நாங்களே வரைஞ்சோம். எங்க நாத்தனா ஒரு கல்ல வெச்சி, 'இங்கதான் சிக்னல் வரும்'னா. ஆம்பளைங்க எல்லாம் சிரிச்சாங்க. கூட வந்த நர்சம்மா பாத்துக்கினு நின்னாங்க."

"அப்புறம்?"

"எனக்கு வலி வந்தன்னிக்கி எல்லாரும் சாமை அறுக்கப் போய்ட்டாங்க. எனக்குப் பேச்சே வரல. அந்த நேரம் பாத்து வந்த நர்சம்மா, நேரா பாறைக்கி ஓடிப்போய் ஆம்புலன்சுக்குப் போன் போட்டாங்க."

அந்த அம்மாள் குழந்தையின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"தேங்கா பாறைக்கி. பூவு நர்சம்மாவுக்கா?"

"அவங்களுக்குக் காலையிலயே ஆஸ்பத்திரியில குடுத்துட்டேன். இது கல்லு வெச்சவளுக்கு."