சூப் கடையில் காசாகிய டிக்கெட்

— ஆறிப்போகுதுடா மான்சூ. இந்த புசான் ஊர்லயே என் பன்னி சூப்பை முன்னால வச்சிக்கிட்டு முழிக்கிற முதல் ஆள் நீதான்.

— பசி இல்ல சித்தி.

— பசி இல்லாதவனுக்கு சூப் கடையில என்ன வேலை? மேலே ஆடப் போலாம்னா மாடிக்காரன் போக்கர் பாரைப் பூட்டிட்டான்.

— தெரியும். ஆட வரல.

— ஜெயிச்ச டிக்கெட் ஏதாவது மிச்சம் வச்சிருந்தா கிழிச்சுப் போடு. இனிமே நான் காசு மாத்தித் தர மாட்டேன்.

— நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்.

— அடேங்கப்பா! சீட்டாடுறவன் எனக்குப் புத்தி சொல்றான்.

— புதுச் சட்டம் பொல்லாதது சித்தி. போக்கர் ஆடலாம், பீர் குடிக்கலாம், ஜெயிச்சா பரிசா டிக்கெட்டும் வாங்கிக்கலாம். அந்த டிக்கெட்டைக் காசாக்கித் தர்றவங்களுக்குத்தான் ஜெயில்.

— நான் என்ன சூதாட்டமா நடத்துறேன், சில்லறைதானே மாத்துறேன்னு ரெண்டு வருஷமா எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். மாடிக்காரன் குடுக்கற கமிஷன் கடை வாடகைக்கு ஆச்சு. என்ன பண்ண?

— தேகு ஊர்ல இருக்கற உங்க பொண்ணு வீட்டுக்குப் போயிடுங்க. இன்னைக்கே.

— கொதிக்கிற அண்டாவைத் தலையில தூக்கி வச்சிக்கிட்டா?

— விளையாடாதீங்க சித்தி.

— உன் மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துக் கிடக்கு? லாரியை வித்து ஆடினதைப் பொண்டாட்டிகிட்ட சொன்னியா இல்லியா?

— இன்னும் இல்ல. லோடு எடுக்கப் போறேன்னு காலைல கிளம்பி, பஸ் ஸ்டாண்டுல உக்காந்துட்டு வர்றேன்.

— அடப்பாவி.

— நல்லாத் திட்டுங்க.

— திட்ட எனக்கு என்னடா யோக்கியதை இருக்கு? முதன்முதலா ஜெயிச்சு, டிக்கெட்டை ஆட்டிக்கிட்டே படியிறங்கி வந்தே பாரு, அன்னைக்கே ‘இது வெறும் காகிதம், உன் பிள்ளைக்கு விளையாடக் குடு’ன்னு விரட்டியிருக்கணும். நான் மூணு லட்சம் வோன் பணத்தை உன் கையில குடுத்தேன். சூப்பும் சும்மா ஊத்தினேன். மறுநாளே லாரியை வாசல்ல நிறுத்திட்டு மேலே ஏறினே. அது என்னை அரிச்சுத் தின்னுது.

— அப்படிச் சொல்லாதீங்க. தோத்துட்டு இறங்கினப்பவும் உக்காரவச்சு சோறு போட்டது நீங்க ஒருத்தர்தான்.

— அப்ப சாப்பிடேன்டா!

— எப்படிச் சாப்பிடறது சித்தி? நேத்து என்னைப் போலீஸ்ல கூப்பிட்டாங்க.

— ம்.

— மாடிக்காரன் வக்கீலோட வந்து ஜம்முனு உக்காந்திருந்தான். டிக்கெட் காசாகற விஷயமே தனக்குத் தெரியாதுன்னு சாதிச்சுட்டான். ‘யாரு மாத்தித் தந்தாங்கன்னு சொன்னா உன் வீட்டுக்குக் கடுதாசி வராது’ன்னு என்கிட்ட சொன்னாங்க. வீடுன்னதும் பொண்டாட்டிக்குத் தெரிஞ்சிடுமேன்னு பயந்துட்டேன். உங்க பேரைச் சொல்லிட்டேன் சித்தி.

— என்னன்னுடா சொன்னே?

— சூப் கடை போக்சுன் சித்திதான்னு சொல்லி, கையெழுத்தும் போட்டுட்டேன். உங்க கையால தின்ன வாயாலயே சொன்னேன். நாய்கூட இப்படிச் செய்யாது. ரெண்டு அறை விடுங்க.

— இன்னும் கொஞ்சம் கிம்ச்சி ஊறுகாய் வைக்கட்டுமா?

— சித்தி! நான் சொன்னது காதுல விழுந்துச்சா?

— விழுந்துச்சுடா. மேலே நாப்பது பேர் ஆடினாங்களே, உன்னை மட்டும் எப்படித் தேடிப் பிடிச்சுக் கூப்பிட்டாங்கன்னு நீ யோசிக்கவே இல்லியா?

— பயத்துல எங்க யோசிக்கிறது?

— உனக்கு முன்னாடியே போலீஸ்ல என்னைக் கூப்பிட்டு உலுக்கிட்டாங்க. சாட்சிக்கு ஆடினவங்கள்ல ஒருத்தன் பேரையாவது சொல்லுன்னாங்க. பெரிய கைங்க பேரைச் சொன்னா கடையை அடிச்சு நொறுக்கிடுவானுங்க. வந்து சண்டை போடாதவன் யாருடான்னு பார்த்து, உன் பேரைத்தான் சொன்னேன்.