தலைவர் வீட்டு வயர்லெஸ்

— அடிப்படையில பாத்தா, உன் லேப்டாப் மேல தப்பே இல்ல. விண்டோஸை எடுத்துட்டு நான் போட்ட லினக்ஸ் இயங்குதளத்து மேலயும் தப்பில்ல. அந்த வயர்லெஸ் கார்டைச் செஞ்ச கம்பெனிக்காரன்தான் குற்றவாளி.

— சரிங்க. பதினோரு மணிக்கு எனக்கு நேர்காணல். இப்ப பத்து அம்பது. குற்றவாளியை அப்புறமா பிடிக்கலாம். நெட் எப்ப வரும்?

— டிரைவர் போட்டதும் வரும்.

— டிரைவர்னா என்ன அண்ணே? எனக்கும் அண்ணிக்கும் புரியற மாதிரி சொல்லேன்.

— கார்டை இயக்கற சின்ன மென்பொருள். நெட்லேர்ந்து இறக்கணும்.

— நெட்டு?

— கார்டு வேலை செஞ்சா வரும்.

— கார்டு?

— டிரைவர் இருந்தா வேலை செய்யும்.

— சுத்திச் சுத்தி வந்து அதே இடத்துல இறக்கி விட்டுட்டியே அண்ணே!

— ஞாயித்துக்கிழமை வரைக்கும் நல்லாத்தானேங்க இருந்துச்சு? நான் குளிச்சுட்டு வர்றதுக்குள்ள எல்லாத்தையும் அழிச்சுட்டீங்க.

— அழிக்கலம்மா. விண்டோஸ்கிட்டேர்ந்து விடுதலை குடுத்தேன்.

— விடுதலை ஆனதுலேர்ந்து வெளியுலகத்தையே அது பாக்கல, பாவம்.

— நீ சும்மா இரு! நான் யாரு? லினக்ஸ் பயனர் வட்டத்தோட தலைவர். போன மாசம் 'வயர்லெஸ் இனி சுலபம்'னு ஒன்றரை மணி நேரம் பேசினவன்.

— கேட்டது ஏழு பேரு. அதுல ரெண்டு பேரு மழைக்கு ஒதுங்கினவங்க.

— ஏங்க, என் போனைக் கேபிள்ல சொருகி, போன் நெட்டையே லேப்டாப்புக்கு விட்டா வராதா?

— வரும்.

— அப்புறம் என்னங்க?

— வந்தா போதுமா? வயர்லெஸ் பத்திப் பேசினவன் வீட்ல வயரா? வட்டத்துல நான் எப்படித் தலை நிமிர்ந்து நடக்கறது? ஆமா, அது என்ன வேலைன்னு சொன்னே?

— கம்ப்யூட்டர் கோளாறுன்னு போன் பண்றவங்களுக்கு வழி சொல்ற வேலைங்க. அஞ்சு வருஷமா விண்ணப்பம் போட்டு வந்த முதல் அழைப்பு.

— டிரைவர்னா என்னன்னே தெரியல, உனக்கு இந்த வேலையா! சரி, மாடி அலமாரியில என் குறிப்பு நோட்டு இருக்கு. அஞ்சே நிமிஷம். யாரும் எதையும் தொடாதீங்க.

— அண்ணி, படியேறிட்டான்! சொருகுங்க!

— சொருகிட்டேன். போன்ல இதை ஆன் பண்ணணும்… வந்துருச்சுடி! நேர்காணல் பக்கமும் திறந்துருச்சு. 'காத்திருக்கவும்'னு போட்டிருக்கு.

— ஐயையோ, இறங்கி வர்றான். கேபிள் மேல துண்டைப் போடுங்க.

— கண்டுபிடிச்சுட்டேன்! பக்கம் நாப்பத்திரண்டு. மொத்தமா அணைச்சுட்டு, லினக்ஸை முதல்லேர்ந்து ஏத்தணும். தள்ளும்மா.

— அண்ணி, அணைச்சா நேர்காணல் போச்சே!

— உஷ், நான் பாத்துக்கறேன். ஏத்தலாங்க. காலையிலேர்ந்து நீங்க படற பாடு எனக்குத் தெரியாதா? அதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு. கார்டு முழிச்சிட்டுதான் இருக்கான்னு எப்படிங்க பாக்கறது?

— அதுவா? அடிப்படையில பாத்தா, திரையில இந்தக் கறுப்பு ஜன்னலைத் திறந்து ஒரு கட்டளை அடிக்கணும். இதோ… 'கார்டு தடுக்கப்பட்டுள்ளது.' பாத்தியா, கம்பெனிக்காரன் சதி!

— நீங்க சொன்னா சரியாத்தாங்க இருக்கும். தடுக்கறதுக்கு வெளியில ஏதாவது சுவிட்ச் கிட்ச் வைப்பாங்களா?

— சில லேப்டாப்ல முன்பக்க விளிம்புல வைப்பாங்க.

— உங்க கட்டைவிரலுக்குப் பக்கத்துல இருக்கே, அதுவா இருக்குமோ? எனக்கு என்ன தெரியும், நீங்கதான் பாத்துச் சொல்லணும்.

— ஆமா, இதுதான். 'ஆஃப்' பக்கம் தள்ளியிருக்கு.

— தள்ளினது யாரு அண்ணே, கம்பெனிக்காரனா?

— துடைக்கறப்ப யாரோ நகர்த்தியிருக்காங்க.

— ஞாயித்துக்கிழமை துடைச்சது நீதானே?

— அதை விடுடி. உங்க அண்ணன் மாதிரி ஆளு பெரிய விஷயத்தைப் பாக்கறப்ப சின்னது தப்பறது சகஜம். தள்ளிப் பாருங்க.

— தள்ளிட்டேன்… வந்துருச்சு! வயர்லெஸ் வந்துருச்சு!

— அப்ப டிரைவர்?

— அது… முதல்லேர்ந்தே உள்ளதான் இருந்திருக்கு. ஆனா கண்டுபிடிச்சது யாரு? நான்!

— நீங்களேதாங்க. வேற எதுவும் சந்தேகம் இல்லையே?

— இல்ல. முழுத் திருப்தி.

— வணக்கம்மா, லேப்டாப்லேர்ந்து பேசறோம், தேர்வுக் குழு. பதினோரு மணிக்கே வந்துட்டோம், கறுப்பு ஜன்னல் மறைச்சதால எங்களை நீங்க பாக்கல. கேக்கறதுக்கு எங்ககிட்ட ஒரு கேள்விதான் மிச்சம்: சார் மாதிரி தினம் நாப்பது பேர் போன் பண்ணுவாங்க, திங்கக்கிழமையே வந்து சேர்ந்துக்கறீங்களா?