இருநூற்றுப் பதின்மூன்று படிகள்

முதலில் செருப்பு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். படிக்கிணறு பார்க்கப் போகிறவர்கள் ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு போகக் கூடாது. கீழே போகப் போகக் கல் வழவழவென்று இருக்கும். புறப்படுவதற்கு முதல் நாளே குடும்பத்தார் எல்லோருக்கும் இதை எழுதி அனுப்பினேன். பயணக் குறிப்பில் நான்காவது வரி. என் கைபேசி உங்களிடம்தான் இருக்கிறது, எடுத்துப் பாருங்கள் ஐயா.

முப்பத்தோரு வருடம் பள்ளியில் விளையாட்டு ஆசிரியராக இருந்தேன். விளையாடச் சொல்லிக் கொடுத்ததை விடத் தலை எண்ணியதுதான் அதிகம். சுற்றுலா என்றால் தலைமையாசிரியர் என்னைத்தான் கூப்பிடுவார். ஏறும்போது எண்ணுவேன், இறங்கும்போது எண்ணுவேன், தண்ணீர் குடிக்க நிறுத்தினால் அங்கேயும் எண்ணுவேன். விதி ஒன்றே ஒன்றுதான். கண்ணால் பார்த்த தலையை மட்டும் எண்ண வேண்டும். 'பின்னாலயே வர்றா சார்' என்று யார் சொன்னாலும் அந்தத் தலை கணக்கில் கிடையாது. பிள்ளைகள் எனக்குத் 'தலையெண்ணி' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டேன். அறுபத்து நான்கு சுற்றுலாக்களில் ஒரு பிள்ளையைக்கூடத் தொலைத்ததில்லை.

ஒரே ஒரு முறை ஒரு பிள்ளை கூடுதலாக வந்துவிட்டது. அருங்காட்சியக வாசலில் வேறு பள்ளிச் சிறுமி ஒருத்தி எங்கள் பேருந்தில் ஏறித் தூங்கிவிட்டாள். அன்று மாலையே கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டேன். கூடுதலாக வருவது தொலைப்பதில் சேராது. இது எல்லோருக்கும் புரிகிறது, என் சகலையைத் தவிர.

சகலை என்றால் என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். நில அளவையர். உலகத்தையே அளந்து முடித்துவிட்டு மிச்ச நேரத்தில் மற்றவர்களைத் திருத்துவார். வாயைத் திறந்தால் "ஒரு சின்னத் திருத்தம்" என்றுதான் ஆரம்பிப்பார். என் பணிநிறைவு விழாவில் மாலையோடு நிற்கிறேன், தலைமையாசிரியர் என் எண்ணிக்கையைப் புகழ்கிறார், சகலை இரண்டாவது வரிசையிலிருந்து எழுந்து, "ஒரு சின்னத் திருத்தம்..." என்று அந்தச் சிறுமியின் கதையைச் சொன்னார். பன்னிரண்டு வருடமாக எந்த விசேஷ வீட்டுக்குப் போனாலும் அந்தக் கதை எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும்.

இதை விரோதம் என்று எழுதாதீர்கள். எனக்கு அவர் மேல் விரோதமே கிடையாது.

அன்றைக்கு இரண்டு வேன், வேனுக்குப் பதினொரு பேர். காலையில் போய் மாலையில் திரும்புகிற சின்னப் பயணம். நுழைவுச் சீட்டு வாங்கும் இடத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. மறுநாள் வார விடுமுறை, அதை ஒட்டி இரண்டு நாள் காவலர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி, ஆக மூன்று நாள் கிணறு மூடல். நான் எல்லா அறிவிப்புகளையும் படிப்பேன். தொழில் பழக்கம்.

கிணறு அருமையான வேலைப்பாடு. மேலே நின்றால் வெயில் மண்டையைப் பிளக்கிறது. அறுபது படி இறங்கினால் யாரோ ஈரத் துணியைத் தோளில் போட்ட மாதிரி இருக்கிறது. தூண்கள், மாடங்கள், மாடத்துக்கு மாடம் புறாக்கள். எல்லோரும் படம் எடுத்தார்கள். நான் படிகளை எண்ணினேன். தண்ணீர் விளிம்பு வரைக்கும் இருநூற்றுப் பதின்மூன்று. உறவினர்களைக் கூட்டி அறிவித்தேன்.

"ஒரு சின்னத் திருத்தம் சகலை. தண்ணிக்கு அடியில இன்னொண்ணு இருக்கு. இருநூத்திப் பதினாலு."

"கண்ணுக்குத் தெரியாத படியை எப்படி எண்றது?"

"உங்க கண்ணுக்குத் தெரியாதது நிறைய இருக்கே. அந்த மியூசியம் பொண்ணு மாதிரி."

சிரித்தார்கள். இருபது பேர். என் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அவர்கள் ஒரு தடவை சிரித்தால் கிணறு நாலு தடவை சிரிக்கிறது. அந்தக் காலத்துக் கட்டுமானம் அப்படி. எனக்கு வலித்தது ஐயா. மறைப்பானேன்?

நாலரை மணிக்கு எல்லோரும் டீ குடிக்க மேலே ஏறிப் போனார்கள். நானும் சகலையும் மட்டும் நின்றோம். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஆள் அவர். நான் தன்மையாகத்தான் சொன்னேன்.

"வாதம் எதுக்கு சகலை? போய்க் காலால தொட்டுப் பாருங்க. இருந்துச்சுன்னா எல்லார் முன்னாடியும் ஒத்துக்கறேன்."

முகம் மலர்ந்துவிட்டது. தண்ணீரில் விழுந்துவிடும் என்று கைபேசியை என்னிடம் கொடுத்தார். மூக்குக்கண்ணாடியையும் கொடுத்தார். ரப்பர் செருப்போடு இறங்கினார். அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. நான்காவது வரியில் ஏற்கெனவே சொல்லியாயிற்று.

"இருக்கு சகலை, இதோ தொட்டுட்டேன், இருநூத்திப் பதி..." என்று குரல் வந்தது. அப்புறம் சளக்கென்று ஒரு சத்தம், கல்லில் எதுவோ மோதுகிற சத்தம். அவர் இடுப்பளவு தண்ணீரில் கிடந்தார். மெல்லத் தவழ்ந்து படியில் ஏறிவிட்டார், ஆனால் எழுந்து நிற்க முடியவில்லை.

"கால் மடங்கிப் போச்சு சகலை. வந்து ஒரு கை குடுங்க."

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று அவரும் பள்ளியில் படித்திருப்பார். நான் திரும்பி மேலே ஏறினேன். ஏறும்போது மறுபடி எண்ணினேன். நான் நின்ற படியிலிருந்து மேலே நூற்று எழுபத்து மூன்று. அதற்குக் கீழே நாற்பது. நீங்களே கூட்டிப் பாருங்கள்.

மேலே காவலர் சாவிக்கொத்தோடு இரும்புக் கதவருகில் நின்றார். நல்ல மனிதர், அவர் மேல் நடவடிக்கை எடுக்காதீர்கள்.

"உள்ள யாராவது இருக்காங்களா சார்?"

"நான் எண்ணிட்டேன்" என்றேன்.

முப்பத்தோரு வருடம் எண்ணிய குரல். அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள். பூட்டும்போது அவர் காதைச் சாய்த்து, "ஏதோ சத்தம் வருதே?" என்றார். 'சகலை' என்பது நாலு தடவை எதிரொலித்து மேலே வருவதற்குள் வார்த்தையாக இருப்பதில்லை. "புறா" என்றேன். நாலு மாடத்தில் புறா இருந்தது, அதை அவரும் பார்த்தார்.

இரண்டு வேனுக்கும் நடுவில் நின்று எண்ணினேன். நான் ஏற வேண்டிய முதல் வேனில் இருந்தவர்கள் சகலை தன் மனைவியோடு இரண்டாவது வேனில் இருப்பதாக நினைத்தார்கள். இரண்டாவது வேனில் இருந்தவர்கள் அவர் என்னோடு வருவதாக நினைத்தார்கள். "எண்ணிக்கை சரி, வண்டியை எடுங்க" என்றேன். எத்தனை என்று நான் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. பார்த்த தலைகளை எண்ணினேன். என்னோடு சேர்த்து இருபத்தொன்று. அது சரிதானே?

வழியில் கொழுந்தியாள் கூப்பிட்டாள்.

"அத்தான், அவர் உங்க வண்டியிலயா இருக்கார்? போனை எடுக்கவே மாட்டேங்கறார்."

"தூங்கறார்மா. எழுப்பவா?"

"வேண்டாம் வேண்டாம். தூங்கட்டும், பாவம்."

என் பைக்குள் அதிர்ந்துகொண்டிருந்த கைபேசியை அணைத்து வைத்தேன். எழுப்ப வேண்டாம் என்று அவள்தான் சொன்னாள்.

வீட்டு வாசலில் அவள் கேட்டபோது, புறவழிச் சாலைச் சந்திப்பில் யாரோ அலுவலக நண்பரைப் பார்க்க இறங்கிப் போனார் என்றேன். என் வேனில் எல்லோரும் தூங்கிப்போயிருந்தார்கள், கடைசி நேரத்தில் என்னோடு ஏறியிருப்பார் போல என்று நினைத்துக்கொண்டார்கள். சொல்லாமல் கொள்ளாமல் போகிறவர்தான் அவர். மறுநாளும் வராததால் தேடுதலை நானே பொறுப்பெடுத்து நடத்தினேன். உறவினர்களை நாலு நாலு பேராகப் பிரித்து, சந்திப்பைச் சுற்றி எல்லாத் தெருவுக்கும் அனுப்பி, திரும்பி வந்தவர்களை எண்ணினேன். கொழுந்தியாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீங்க எண்ணினா தப்பாதுன்னுதான் அத்தான் நான் நிம்மதியா வந்தேன்" என்றாள். எனக்கும் கண் கலங்கியது. அது நடிப்பில்லை. என் வாழ்நாளில் யாரும் என்னை அப்படிப் பாராட்டியதில்லை.

நாலாம் நாள் காலை பயிற்சி முடிந்து வந்த காவலர் கதவைத் திறந்தார். மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரியும். என் அலமாரியில் இருந்த கைபேசியையும் மூக்குக்கண்ணாடியையும் நீங்கள்தான் எடுத்தீர்கள். இரண்டாம் நாள் ராத்திரி வரைக்கும் உயிர் இருந்திருக்கும் என்று மருத்துவர் எழுதியிருக்கிறார். இருக்கலாம். இடுப்புவாரின் கொக்கியால் சுவரில் கீறியிருக்கிறாரே, அதற்கு நேரம் வேண்டுமில்லையா? உங்கள் படத்தில் பார்த்தேன். என் பெயரைக் கீறியிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். மனைவி பெயரைக் கீறியிருக்கலாம். அந்த மனிதர் கீறியது '214'. சாகும்போதும் திருத்தம். பழம்பெரும் சுவரைப் பாழாக்கியதற்கு ஒரு பிரிவு இருக்க வேண்டும், நீங்கள் அதைக் கவனிக்கவில்லை.

இடத்தைக் காட்டச் சொல்லி நேற்று அழைத்துப் போனீர்கள். தண்ணீர் ஒரு சாண் இறங்கியிருந்தது. பாசி பிடித்த ஒரு படி வெளியே தெரிந்தது. பார்த்தேன். ஆனால் அன்றைக்கு அது தெரியவில்லை, தெரியாததை நான் எண்ணுவதில்லை.

தட்டச்சு செய்ததைப் படித்துவிட்டேன். கால் உடைந்தவரை வேண்டுமென்றே விட்டுவிட்டு வந்தேன், காவலரிடம் பொய் சொல்லிப் பூட்டவைத்தேன், தேடியவர்களைத் திசைதிருப்பினேன், அவர் சாக வேண்டும் என்றே செய்தேன். எல்லாம் சரி, ஒரு வார்த்தை மாற்ற வேண்டாம். இருபத்திரண்டு பேர் போய் இருபத்தொரு பேர் திரும்பினோம் என்பதும் சரி. பேனாவைக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

அதற்கு முன்னால், மூன்றாம் பக்கத்தில் படிகள் இருநூற்றுப் பதினான்கு என்று இருக்கிறது. ஒரு சின்னத் திருத்தம் ஐயா.