திருப்பிச் செருகிய பிளக்

பொள்ளாச்சியிலிருந்து கோவை வந்த பேருந்தில், என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"பொண்ணு பாக்க வந்த பையன் பலகாரத்தையே தொடலீங்கக்கா. எங்கூட்டு ஸ்பீக்கரோட ரெண்டு பின் பிளக்கைப் புடுங்கித் தலைகீழாச் சொருகுனாருங்க. அப்பத்தான் பாட்டு சுத்தமாக் கேக்குமாமுங்க."

"எப்படிச் சொருகுனாலும் ஒரே கரண்ட்டுதான அம்மணி?"

"வித்தியாசம் தெரியுதுங்களான்னு எம்பொண்ணக் கேட்டாரு. அவ கண்ண மூடிட்டு, 'ஆமாங்க, இப்பத்தான் வயலின் தனியாக் கேக்குது'ன்னா. அவரும் ஆமாங்கன்னு தலையாட்டுனாரு."

"நெசமாவே கேட்டுச்சா?"

"எங்கீங்கக்கா? அவரு சொருகறப்பவே கரண்ட்டு போயிருச்சுங்க. ஃபேனே நின்னுபோச்சு."

மூத்தவள் சிரிக்கவில்லை. "அப்புறம் என்ன பண்ணுனே?"

"இல்லாத பாட்டு ரெண்டு பேருக்கும் ஒண்ணாக் கேக்குதேன்னு, அங்கயே வெத்தலை பாக்கு மாத்திப்போட்டோமுங்க."